பதினேழாம் அடுக்கு

முந்நூற்றுப் பத்து ஏக்கரைப்
பன்னிரண்டு தாள்களாக்கி
மஞ்சக்குப்பத்துக் கல்யாண மண்டபத் தரையில்
டேப் போட்டு ஒட்டினேன்.
நேற்றைய வளைகாப்பின் மஞ்சளரிசி
நாலைந்து
வடக்கு எல்லையில் மாட்டிக்கொண்டது.

புதுநகர் என்று பெயர் வைக்க முடியாது.
கடலூரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது,
இருநூறு வருஷத்துக்கு மேலாகப் புதுசாகவே.
கோப்பில் தற்காலிகமாகப்
‘புதுப் புதுநகர்’ என்று அடித்தேன்.
யாரும் சிரிக்கவில்லை,
அதுவே நின்றுவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு
வரைபடத்தின் மேல் நடக்கச் சொன்னோம்.
ஓர் எட்டு, இருநூறு மீட்டர்.
அஞ்சலாட்சி மட்டும் ஏறவில்லை.
மீன்கூடைச் சும்மாட்டை மடியில் வைத்து
ஓரமாகக் குந்தி
“காத்தை எங்க போட்டிருக்க?” என்றாள்.

வடக்கு அம்பைக் காட்டினேன்.

“அது தெசை.
நான் காத்தைக் கேட்டேன்.”

சாலை, சாக்கடை, மின்கம்பம்,
கூரைமேல் சூரியத் தகட்டின் சாய்வுவரை
பதினாறு அடுக்குகள் வரைந்திருந்தேன்.
காற்று எதிலும் இல்லை.

கச்சான் எப்போது, கொண்டல் எப்போது,
வாடை எந்தச் சந்தில் நுழைந்தால்
எந்த வீட்டுக் குழந்தைக்கு இருமல்,
விரலால் காட்டிக்கொண்டே போனாள்.
தொழிற்பேட்டை ஓரத்துப் புருஷோத்தமனுக்குக்
காற்றின் பெயர் தெரியாது, நேரம் தெரியும்:
“ராத்திரி ரெண்டு மணிக்கு அழுகின முட்டை.
நாலு மணிக்கு நெயில் பாலிஷ்.
என் சன்னலை எந்தப் பக்கம் வைப்பீங்க?”

சென்னையிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்
மடிக்கணினியை மூடிவிட்டு
முட்டிபோட்டார்.

பிறகு நீல ஸ்கெட்ச் பேனாக்கள்.
பதினைந்தாம் வருஷத்து வெள்ளம்
நின்ற இடத்தை மட்டும் போடுங்கள் என்றோம்.
நூருல் அமீன் இடுப்பில் கைவைத்து
ஒரு கோடு இழுத்தார்.
இன்னொருவர் நெஞ்சில் கைவைத்து
அதற்கு மேலே ஒரு கோடு.
பள்ளிக்கூடம் என்று நான் கட்டம் போட்ட இடத்தில்
எட்டுப் பேர் கை சேர்ந்து
ஒரு குளம் வந்தது.

எல்லாம் இப்படியே போகவில்லை.

சகாயமேரி கேட்டாள்:
“குப்பை பிரிக்கிற கொட்டாயை
ஏன் எங்க காலனிகிட்டயே போட்டிருக்கீங்க?”
மண்டபத்தின் மின்விசிறிச் சத்தம்
அப்போதுதான் எனக்குக் கேட்டது.
கொட்டகை கிழக்கே போனது,
அங்கே ஒருவர் எழுந்தார்.
தெற்கே போனது, அங்கே மூன்று பேர்.
அழித்து அழித்து
அந்த இடத்தில் தாளே கிழிந்தது.
தீர்மானம்: அடுத்த கூட்டத்தில்.
கிழிசலை நான் ஒட்டவில்லை,
அளந்து அப்படியே ஏற்றினேன்.

காற்று, குளம், இடுப்பு, நெஞ்சு,
வண்டி திரும்பாத ஒரு முக்கு,
கிழிசல்,
எல்லாம் பதினேழாம் அடுக்கு.
அதற்கு வைத்த பெயர் ‘சொன்னது’.

அலுவலகத்திலிருந்து போன்:
“அமைச்சர் பார்க்கிற காப்பிம்மா.
அந்தக் கருத்துக்கேட்பு லேயரை
அணைச்சுட்டு எடுத்துடு.”

சுலபம்தான்.
பெயருக்குப் பக்கத்தில் சின்ன மஞ்சள் பல்பு,
ஒரு தட்டு.
தட்டிப் பார்த்தேன்.
நேரான தெருக்கள், நனையாத பள்ளிக்கூடம்,
எந்தப் பக்கமும் வாசனை இல்லை.
அழகாகத்தான் இருந்தது,
ஒத்துக்கொள்கிறேன்.
எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச்
சகாயமேரியிடம் சொல்ல மாட்டேன்.

மறுபடி தட்டினேன்.

இம்பீரியல் ரோட்டுப் பிரிண்ட் கடையில்
ஏழாவது தாளோடு நீலம் தீர்ந்துவிட்டது.
“என்னக்கா, கடலையா அச்சடிக்கிறீங்க?”
“ஊர்தான்.”
புதிய மைக்குப்பி புதுச்சேரியிலிருந்து
மாலைப் பேருந்தில் வருகிறதாம்.

அதுவரை
எட்டாவது தாள்
இயந்திரத்தின் வாயில் பாதி தொங்குகிறது.
தெரு வந்துவிட்டது, விளக்கு வந்துவிட்டது.
தண்ணீர்தான்
இன்னும் வரவில்லை.